பிஸ்கெட் கலர்

பிப்ரவரி 5, திங்கள்

காலையில் நூல் லோடு இறங்கியது. பன்னிரண்டு மூட்டையில் ஒன்று அடியில் நனைந்திருந்தது. மழையே இல்லையே என்று லாரிக்காரன் ஆச்சரியப்பட்டான். மூட்டை மேல் தண்ணீர்க் கேனை வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். அதை மட்டும் திருப்பி ஏற்றிவிட்டேன்.

பதினொரு மணிக்கு எஸ்தர் மெயில் படித்துக் காட்ட வந்தாள். எஸ்தர் பாக்கியம் நாகர்கோவில்காரி. கரூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பதினோரு வருடமாக என் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஆர்டர் கேட்பதிலிருந்து கன்டெய்னர் ஏறுகிறவரை, துணி வாங்குகிற பையரோடு பேச்சுவார்த்தையெல்லாம் அவள் பொறுப்பு. வியாழக்கிழமைதோறும் மூன்றரை மணிக்கு இங்கிலாந்துக்காரர்களோடு வீடியோ கால். நான் நடுவில் உட்காருவேன், அவள் என் வலதுகைப் பக்கம்.

மெயில் கெல்லியிடமிருந்து வந்திருந்தது. பழைய பையர் ஹார்கிரீவ் ஓய்வு பெற்ற பிறகு அந்த நாற்காலிக்கு வந்த பெண். சமையலறைத் துண்டு, மேஜை விரிப்பு எல்லாம் இப்போது அவள் கையில்தான்.

"போன வாரம் பேசுனது சரியா புரியலைன்னு கெல்லி எழுதியிருக்கா சார்" என்றாள் எஸ்தர்.

"யாரு பேசுனது?"

திரையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "எனக்க பேச்சாத்தான் இருக்கும் சார்."

கெல்லி பேச்சையும் லண்டன் ஆபீசில் கேலி செய்வார்களாம், அதனால் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறாளாம். நல்ல பெண். ஆனால் எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. எஸ்தர் ஆபீசை ஓஃபீஸ் என்பாள், காலேஜைக் கோளேஜ் என்பாள். அந்தப் பக்கத்துக் கேரளக் காற்று. தமிழிலேயே சில நேரம் எனக்குப் புரியாது, வெள்ளைக்காரிக்கு எப்படிப் புரியும்?

இன்னொரு பழக்கமும் உண்டு அவளுக்கு. நான் இங்கிலீஷில் ஒன்று சொல்லி முடித்தால், "சார் மீன்ஸ்" என்று ஆரம்பித்து அதையே இன்னொரு தரம் சொல்வாள். அதற்கப்புறம்தான் கெல்லி தலையாட்டுவாள். இரண்டு தடவை சொன்னால்தான் ஏறும் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிடுவேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஜெனரேட்டர் பெல்ட் மாற்றியது. மனைவி பாவாத்தாளைப் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது. ஒரு பல் எடுத்தாயிற்று, இன்னொன்றை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள்.

பிப்ரவரி 9, வெள்ளி

வீடியோ கால் பேசுவதற்கென்று புது ஆள் தேடி விளம்பரம் கொடுத்திருந்தேன். நாலு பேர் வந்தார்கள். மதுரைப் பையன் ஒருத்தன், வேலை தெரிந்தவன். ஷிப்மென்ட்டை சிப்மென்ட் என்றான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். திருச்சிப் பெண் ஒருத்தி மூச்சு விடாமல் பேசினாள். கேட்கும்போதே எனக்கு இரைத்தது.

கடைசியாக வந்தவர் பிரணவ், சென்னை, இருபத்தெட்டு வயது. அமெரிக்காக்காரர்களுக்குப் போன் எடுக்கிற கம்பெனியில் ஆறு வருடம் இருந்தவர். வாயைத் திறந்தால் டிவி ஓடுகிற மாதிரி இருக்கிறது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். "எ லிட்டில் வாடர், ப்ளீஸ்" என்றார். அந்த 'வாடர்' ஒன்றுக்கே வேலை கொடுக்கலாம் என்று தோன்றியது.

துணி தெரியுமா என்று பார்க்க, பாவு எது ஊடை எது என்று கேட்டேன். கூகுள் பண்ணிக்கொள்கிறேன் சார் என்றார். போகட்டும். துணியை ஆறு மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அந்த நாக்கை நம்மால் சொல்லிக்கொடுக்க முடியுமா?

நான் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவன் இல்லை. பதினேழு வயதில் ஒரு குடோனில் பெட்டிக்கு ஸ்டென்சில் அடிக்கிற வேலை. தகட்டை வைத்து மை பூசி எடுத்தால் எழுத்து நிற்கும். ஊர்ப் பெயர், நிறம், அளவு, எல்லாம் பெட்டியைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். எனக்கு வாத்தியார் அட்டைப்பெட்டிதான். அந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு இருபத்துநாலு வருடம் ஹார்கிரீவோடு வியாபாரம் செய்திருக்கிறேன். ஒரு நாளும் அவர் புரியவில்லை என்று சொன்னதில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை நேரில் வருவார், துணியைத் தொட்டுக் காட்டுவார், நானும் தொட்டுக் காட்டுவேன், முடிந்தது.

பிப்ரவரி 12, திங்கள்

எஸ்தரைக் கீழே சாம்பிள் அறைக்குப் போகச் சொல்லிவிட்டேன். துணித்துண்டுகளை நிறம்வாரியாக அடுக்கிச் சீட்டு ஒட்டுகிற வேலை. சம்பளத்தில் கை வைக்கவில்லை. அவளுடைய மேஜைக்கு ஜன்னல் உண்டு, அதைப் பிரணவுக்குக் கொடுத்தேன். சாம்பிள் அறையில் ஜன்னல் இல்லை, ஆனால் ஃபேன் புதுசு.

அவள் ஒன்றும் வாதாடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கால் நேரத்துல மட்டும் ஒரு ஓரமா இருந்துகிடட்டுமா சார்? வாய் திறக்க மாட்டேன்."

வேண்டாம் அம்மிணி, சங்கடம் என்றேன். சரி சார் என்று டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

போன வருடம் ஜெர்மனிக் கண்காட்சியில் ஒன்று நடந்தது. எதற்கோ இப்போது நினைவுக்கு வருகிறது. ஸ்டாலுக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கை கொடுத்துவிட்டு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். மூன்று நாளும் அப்படியே. கம்பெனி யாருடையது என்று அவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. அதற்கும் இன்றைக்கு நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை.

பிப்ரவரி 15, வியாழன்

பிரணவோடு முதல் கால். பிரமாதம். கெல்லியும் அவரும் பந்து தட்டிக்கொள்கிற மாதிரி பேசினார்கள். "பெர்ஃபெக்ட்" என்று அவர் ஒரு பத்துத் தடவை சொல்லியிருப்பார். கெல்லி சிரித்தபடியே இருந்தாள்.

கோடைக்கான துண்டு ஆர்டர். வெள்ளையில் கட்டம், கட்டத்துக்கு ஒரு நிறம். போன வருடம் ஓடிய இரண்டு நிறத்தில் எது சீக்கிரம் முடியும் என்று கேட்டாள். பிரணவ் என்னைப் பார்த்தார். நானே சொன்னேன், பீஜ் என்று. இங்கே டையிங்கில் அதை பிஸ்கெட் கலர் என்போம். அந்த நிறத்துக்குச் சாய மருந்து கையிருப்பில் இருக்கிறது, நாலு நாளில் முடித்துவிடலாம். கெல்லி அந்தப் பெயரைத் திரும்பச் சொல்லிக் கேட்டாள். எஸ், எஸ் என்றேன். பெர்ஃபெக்ட் என்றார் பிரணவ்.

போன வருடத்து நிறமே என்பதால் சாம்பிள் அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. ஆர்டர் தாள் ஒரு வாரம் கழித்துத்தான் வரும். அதற்கெல்லாம் நான் காத்திருக்கிற வழக்கம் இல்லை. வாயால் சொன்னால் சொன்னதுதான் என்பது என் வியாபாரம். கால் முடிந்து அரை மணியில் ஆயிரத்து எண்ணூறு கிலோ நூலை டையிங்குக்கு ஏற்றிவிட்டேன். இந்த வேகத்துக்காகத்தான் ஹார்கிரீவ் என்னை விட்டுப் போகவில்லை.

படி இறங்கும்போது எஸ்தர் என்ன நிறம் சார் என்று கேட்டாள். சொன்னேன். "மெயில்ல ஒருக்கா எழுதிப் போட்டிரட்டுமா?" என்றாள். நீ உன் வேலையைப் பாரும்மா என்றேன். கோபமாகச் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

பாவாத்தாளுக்கு வீக்கம் வடிந்துவிட்டது. கேப்பைக் கூழ் மட்டும் குடிக்கிறாள். பேச முடியாமல் சைகை காட்டுகிறாள். வீடு அமைதியாக இருக்கிறது.

பிப்ரவரி 21, புதன்

ஆர்டர் தாள் வந்தது. நிறம் என்ற இடத்தில் பீச் என்று போட்டிருக்கிறது. அதாவது அந்தப் பழத்தின் நிறம், லேசான ஆரஞ்சு. போன வருடம் ஓடிய இரண்டில் மற்றது. இங்கே ஆயிரத்து எண்ணூறு கிலோவும் பிஸ்கெட் கலரில் காய்ந்துகொண்டிருக்கிறது.

பிரணவை மாடிக்குக் கூப்பிட்டுக் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டேன். நான் ஒன்று சொன்னால் நீ ஒன்று சொல்லி வைத்திருக்கிறாய் என்றேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. கால் எல்லாம் ரெக்கார்டு ஆகிறது சார், போட்டுப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார்.

போடு, யார் பேசியது என்று தெரிந்துவிடும் என்றேன்.

பிப்ரவரி 22, வியாழன்

இன்றைய வீடியோ காலை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தேன். நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லச் சொன்னேன்.

ஐம்பத்தொன்பது வயதில் என் இங்கிலீஷை முதல்முறையாகக் காதால் கேட்டேன். மூட்டையைத் தூக்கிக்கொண்டே பேசுகிற ஆள் மாதிரி இருக்கிறது. எல்லா எழுத்தும் ஒரே கனத்தில் தொப் தொப்பென்று விழுகிறது. நிறம் கேட்கிற இடத்தில் நான் தெளிவாக, சத்தமாக, 'பீச்' என்கிறேன். சந்தேகமே இல்லை. மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். கெல்லி "பீச்?" என்று கேட்கிறாள். நான் எஸ், எஸ் என்கிறேன்.

அந்த வார்த்தையை வெள்ளைக்காரன் பேஜ் என்று சொல்வானாம். பிரணவ் சொன்னார். நான் முப்பது வருடம் பெட்டியில் ஸ்டென்சில் அடித்த வார்த்தை. அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பிரணவ் இன்னொன்றும் சொன்னார். "சாரி சார். ஆக்சுவலி கெல்லி பேசுறதுல எனக்குப் பாதி புரியல. அவங்க இங்கிலாந்துல வடக்கு சைடு. நான் பழகினது அமெரிக்கா. புரியலன்னா பெர்ஃபெக்ட்னு சொல்லி நகர்ந்துடணும்னு அங்க ட்ரெயினிங்." மூன்று பேரும் முக்கால் மணி நேரம் சிரித்துப் பேசியிருக்கிறோம். ஒருத்தர் சொன்னது ஒருத்தருக்குப் புரியவில்லை.

பழைய ரெக்கார்டுகளையும் போடச் சொன்னேன். ஜனவரி மாதத்தது. அதில் எஸ்தர் இருக்கிறாள். நான் பேசுகிறேன். கெல்லி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். பேனாவை எடுக்கவில்லை. "சார் மீன்ஸ்" என்று எஸ்தர் ஆரம்பித்ததும் எடுக்கிறாள்.

நாலு ரெக்கார்டு. நாலிலும் அப்படித்தான். பிரணவை வெளியே போகச் சொல்லிவிட்டு ஐந்தாவதையும் பார்த்தேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

ஐந்தாம் தேதி மெயிலைத் தாளில் அடித்து வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு நானே படித்தேன். படிக்க எனக்கு யாரும் வேண்டியதில்லை. சோம்பலில் விட்ட பழக்கம்.

கெல்லி எழுதியிருந்தது இது: திரு. நாச்சிமுத்துமேல் எங்களுக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவர் சொல்வது பெரும்பாலும் புரிவதில்லை. எஸ்தர் திரும்பச் சொல்வதற்காகவே காத்திருக்கிறோம். இனிமேல் எஸ்தரே வீடியோ காலை நடத்த முடியுமா?

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். எஸ்தருக்கு இன்று இரண்டு மணிக்குமேல் பெர்மிஷன். மாமியாருக்கு மாத்திரை வாங்க வேண்டுமாம். கொடுத்தேன்.

பிப்ரவரி 24, சனி

டையிங் மாஸ்டரை வரவழைத்தேன். நூலைத் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பீச்ச பிஸ்கெட் ஆக்கோணும்னா முடியாதுங்க. பிஸ்கெட்ட பீச் ஆக்கிப்போடலாம். ஒம்பது நாள் குடுங்க." துணி தப்பித்தது. ஒன்பது நாள் தாமதத்தைக் கெல்லியிடம் யாராவது சொல்ல வேண்டும்.

எஸ்தர் ரேக் முழுக்கச் சீட்டு ஒட்டி முடித்துவிட்டாள். கையெழுத்து அச்சு மாதிரி.

பிப்ரவரி 25, ஞாயிறு

கறி எடுத்தது. பாவாத்தாள் மெல்ல ஆரம்பித்துவிட்டாள், பேசவும். ஏன் உர்ரென்று இருக்கிறீர்கள் என்றாள். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு எலும்பை ஒதுக்கி வைத்தாள்.

"ஏனுங்க, அந்தப் புள்ள உங்க பேரக் காப்பாத்துச்சு. நீங்க அதோட மேசையப் புடுங்கிப்போட்டீங்க. மெயிலப் படிச்சேன், தப்பு எம்மேலதான்னு போய்ச் சொல்லிப்போட்டு வரதுக்கென்னங்க?"

சொல்லலாம் என்றேன். முதலாளி அப்படிப் போய் நின்றால் நாளைக்குத் தறிக்காரன்வரை பேச்சாகிவிடும் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

சாம்பிள் அறைக்கு மூன்று தடவை போனேன். ஒரு தடவை அளவு டேப் கேட்டேன். ஒரு தடவை ஃபேன் சரியாக ஓடுகிறதா என்று பார்த்தேன். மூன்றாவது தடவை, சாயங்காலம் ஐந்து மணிக்கு, காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். உள்ளே யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 27, செவ்வாய்

காலையில் எஸ்தர் மாடிக்கு வந்து ஒரு கவரை வைத்தாள். வெங்கமேட்டுப் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி கூப்பிட்டிருக்கிறார்கள். மார்ச் பதினொன்றாம் தேதி சேர வேண்டும்.

கவரைப் பிரிக்காமல், "மெயிலப் படிச்சேன் அம்மிணி" என்றேன்.

அவள் முகம் மாறவில்லை. "எப்ப சார்?"

"வெள்ளிக்கெழம."

"வெள்ளி" என்றாள். பிறகு, "நான் அவங்களுக்குச் சரின்னு சொன்னது நேத்து சாயங்காலம் சார். அஞ்சு மணிக்கு."

வாசலில் நின்றவன் ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் போதும். அதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

கெல்லி என்னைச் சொன்னதை ஏன் உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"உங்க மூஞ்சியப் பாத்து எப்படி சார் வாசிக்க? கொஞ்சம் மெதுவாப் பேசும்மான்னு சொல்லுவிய, அதோட முடிஞ்சிரும்னு நினைச்சேன். கீழ அனுப்புவியன்னு நினைக்கல."

சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றேன். ஜன்னல் மேஜை உன்னுடையதுதான் என்றேன். மேனேஜர் என்று போர்டு போடச் சொல்கிறேன் என்றேன். எனக்குத் தெரிந்த பேரம் எல்லாம் பேசிப் பார்த்தேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், ஒன்றுக்கும் சரி என்று சொல்லவில்லை.

"எழுதியா குடுத்திருக்க? போன்லதானே சொல்லியிருக்க?"

கேட்டு முடிப்பதற்குள்ளேயே தெரிந்துவிட்டது, நான் கேட்டிருக்கக் கூடாது. முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தாள்.

"போன்லதான் சார். சொன்னா சொன்னதுதானே. இங்க வந்து படிச்சதுதான்."

எழுந்து போகும்போது கேட்டேன். இத்தனை வருடம் வெள்ளைக்காரர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்று. அவள் யோசித்துத்தான் சொன்னாள்.

"ஒண்ணும் நினைக்கல சார். நீங்க முடிக்கட்டும்னு இருப்பாங்க."

பிப்ரவரி 29, வியாழன்

எஸ்தர் வீடியோ காலை நடத்தினாள். நான் வலதுகைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். எத்தனை நாள் போச்சு, எங்கே இருந்தாய் என்று கெல்லி கேட்டிருப்பாள் போல. சாம்பிள் அறையில் வேலை இருந்தது என்றாள் எஸ்தர். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒன்பது நாள் தாமதத்தை அவளே சொன்னாள். கெல்லி சரி என்றுவிட்டாள். பதினெட்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. நான் பேசினால் முக்கால் மணி ஆகும்.

எஸ்தர் பேசும்போது கவனித்துக் கேட்டேன். ஓஃபீஸ் என்றுதான் சொல்கிறாள். கெல்லி எழுதிக்கொள்கிறாள்.

மார்ச் 9, சனி

எஸ்தருக்குக் கடைசி நாள். பிரியாணி போட்டோம். நான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். தமிழில்தான் பேச வேண்டும், ஆனாலும் வரவில்லை. மெயிலில் என்ன எழுதியிருந்தது என்பதை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். பேக்கிங் பெண்கள், தறிக்காரர்கள், எல்லோரும் இலையைப் பார்த்தபடி இருந்தார்கள். "நல்லா வேலை பாத்த பொண்ணு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 14, வியாழன்

பிரணவ் பாவையும் ஊடையையும் கற்றுக்கொண்டுவிட்டார். புரியாவிட்டால் பெர்ஃபெக்ட் சொல்லக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். வலதுகைப் பக்கம் உட்கார்ந்தார். பெரும்பாலும் அவரே பேசினார்.

பாதியில் கெல்லி என்னிடம் நேராக ஏதோ கேட்டாள். எஸ், எஸ் என்று வாய்வரை வந்துவிட்டது. "நாட் அண்டர்ஸ்டுட், கெல்லி. ஸ்லோலி" என்றேன். இத்தனை வருடத்தில் ஒரு பையரிடமும் நான் சொல்லாத வார்த்தை. சிரித்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். எஸ்தர் எங்கே என்று கேட்டிருக்கிறாள்.

எஸ்தர் வேலையை விட்டுப் போய்விட்டாள், என் தப்பு என்றேன்.

சொல்லி முடித்ததும் பழக்கத்தில் நிறுத்திவிட்டேன். தலை தானாக வலது பக்கம் திரும்பியது. பிரணவ் என்னைப் பார்த்தார். திரையில் கெல்லி பேனாவை எடுக்காமல், அதே சிரிப்போடு காத்திருந்தாள். சார் மீன்ஸ் என்று யாரும் ஆரம்பிக்கவில்லை.

அப்புறம் நானே இன்னொரு தரம் சொன்னேன்.